ஏற்காட்டுத் தியான இல்லம்: ‘வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு’, வார இறுதித் தியானம்

நவம்பர் மாதம் கத்தோலிக்கர்களுக்கு இறந்தோரின் மாதம். 2ஆம் தேதி கல்லறைத் திருநாள், மாதக் கடைசியில் கிறிஸ்து அரசர் பெருவிழா, அதோடு வழிபாட்டு ஆண்டே முடிவுக்கு வந்துவிடும். இந்த வாரங்களில் கோவிலில் வாசிக்கிற பகுதிகள் எல்லாம் உலக முடிவு, கணக்குக் கொடுப்பது, தீர்ப்பு என்றே வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடுவதில்லை. ஏற்காட்டில் சிஸ்டர்கள் நடத்தும் தியான இல்லம் ஒன்றில், தீர்ப்பை மட்டுமே எடுத்துக்கொண்டு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை தியானம் என்று பங்கில் அறிவித்ததும், நானும் என் மனைவியும் பெயர் கொடுத்துவிட்டோம். போய் வந்ததிலிருந்து பலரும் விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம் பக்கத்து சிவில் கோர்ட்டுகளில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, நெடுங்காலம் பெஞ்ச் கிளார்க்காக இருந்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். நீதிபதியின் மேடைக்குக் கீழே, ஜனங்களைப் பார்த்தபடி உட்காருவது பெஞ்ச் கிளார்க்கின் இடம். தீர்ப்பு வாசிக்கும்போது நீதிபதியின் முகம் எனக்குத் தெரியாது. வாதியின் முகமும் பிரதிவாதியின் முகமும்தான் தெரியும். ஒரே தீர்ப்பு ஒரு முகத்தில் எப்படி விழுகிறது, இன்னொரு முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்தே வயதாகிவிட்டது. இந்தத் தியானத்தை நான் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

முதலில் வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். இல்லம் ஊருக்குச் சற்றுத் தள்ளி, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் சூழ்ந்த சரிவில் இருக்கிறது. ஒரு அறையில் இரண்டு பேர். கட்டில், கம்பளி, ஒரு மேசை, சுவரில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், அவ்வளவுதான். சுத்தம் பற்றிக் குறையே சொல்ல முடியாது. வெந்நீர் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மட்டும். தங்கலும் சாப்பாடும் சேர்த்து ஒருவருக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எஸ்டேட் கூலி வேலை செய்கிறவர்களும் வந்திருந்ததால் அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது.

சாப்பாடு எளிமையானது, ஆனால் அருமையானது. இரண்டாம் நாள் மதியம் ஊற்றிய மிளகு ரசம் இன்னும் நாக்கில் இருக்கிறது. அங்கேயே பறித்துக் காயவைத்த மிளகு. தட்டிப் போட்டிருந்தார்கள், அரைக்கவில்லை. அந்தக் குளிருக்கு இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். சாப்பிடும்போது பேசக்கூடாது, ஒரு சிஸ்டர் விவிலியத்திலிருந்து வாசிப்பார். அந்த மௌனம் சிலருக்குப் பழக நேரமாகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தியானம் கொடுத்தவர் இறையியல் கல்லூரியில் விவிலியம் நடத்திய வயதான ஃபாதர். தீர்ப்பு என்றதும் நரகத்திலிருந்து ஆரம்பிப்பார் என்று நினைத்துத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சின்ன வயதில் தியானம் என்றாலே அப்படித்தான்: நெருப்பு, புழு, பற்கடிப்பு. இவர் 96ஆம் திருப்பாடலைத் திறக்கச் சொன்னார். அதில் விண்ணுலகம் மகிழ்கிறது, கடல் முழங்குகிறது, வயல்வெளி களிகூருகிறது, காட்டு மரங்கள் எல்லாம் பாடுகின்றன. எதற்காக? ஆண்டவர் உலகுக்குத் தீர்ப்பு வழங்க வருகிறார் என்பதற்காக. “தீர்ப்பு வருதுன்னு சொன்னா நமக்கு வயிறு கலங்குது, மரம் ஏன் பாடுது?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் எங்களை அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் லூக்கா 18இல் வரும் கைம்பெண்ணை எடுத்தார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவர். அவரிடம் போய்ப் போய் ‘என் எதிராளியைத் தண்டித்து எனக்கு நீதி வழங்கும்’ என்று நிற்கிற ஒரு பெண். அவளுக்குத் தீர்ப்பு என்பது பயமுறுத்தல் இல்லை, அவள் கேட்டு நிற்பதே அதைத்தான் என்றார். அங்கிருந்து ஆமோஸ்: வெள்ளிக்காக நேர்மையாளரையும், ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையையும் விற்கிற ஊரைப் பார்த்து அந்த இறைவாக்கினர் கத்துவது. அப்புறம் திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் அடியிலிருந்து ‘ஆண்டவரே, எவ்வளவு காலம்?’ என்று கேட்பது. விவிலியத்தில் தீர்ப்பை முதலில் கேட்பவர்கள் பாவிகளைத் திட்டுகிற பக்திமான்கள் இல்லை, அநியாயம் செய்யப்பட்டவர்கள். அவர்கள் வரிசையில் நின்று பார்க்காமல் இதைப் பேசவே கூடாது என்பதுதான் முதல் நாளின் சாரம்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில் பாகப்பிரிவினை டாவா போட்டிருந்த ஒரு கைம்பெண். புருஷனின் அண்ணன் தம்பிகள்மேல் போட்ட கேஸ். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலை பத்து மணிக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார். எதிர்த்தரப்பு ஏதாவது ஒரு மனுப் போடும், தேதி தள்ளிப் போகும். ஒரு வாய்தாவுக்கு அவர் வரவில்லை. வக்கீல் எழுந்து வாதி இறந்துவிட்டார் என்று சொன்னார். சிவில் சட்டப்படி வாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லையென்றால் வழக்கு அபேட் ஆகிவிடும், அதாவது அப்படியே அற்றுப்போய்விடும். அதை ரத்து செய்யக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. அந்த அம்மாவுக்காக மனுப் போட யாரும் வரவில்லை. கேஸ் கட்டை முடித்து ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பியது நான்தான்.

முதல் நாள் இரவு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். ‘வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்க மீண்டும் வருவார்.’ பிறந்தது முதல் சொல்லி வருகிற வரி. இறந்தோருக்கும்! அப்படியென்றால் அந்தக் கோர்ட்டில் எந்த வழக்கும் அபேட் ஆவதில்லை. வாதி இறந்தாலும் கேஸ் நிற்கும். வாரிசு இல்லாவிட்டாலும் நிற்கும். காலாவதிச் சட்டம் அங்கே கிடையாது. பிரதிவாதி செத்துத் தப்பிக்கவும் முடியாது. இதற்காக மட்டுமே இந்தத் தியானத்துக்குப் போகலாம் என்பேன். ஃபாதர் இதை இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை, ஆனால் அவர் போட்ட வரிசைதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

இரண்டாம் நாள் காலை மத்தேயு 25. செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. பசியாக இருந்தேன், தாகமாக இருந்தேன், அன்னியனாக இருந்தேன், ஆடையின்றி இருந்தேன், நோயுற்றிருந்தேன், சிறையில் இருந்தேன். ஃபாதர் கவனிக்கச் சொன்னது இரு பக்கத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்பதை: ‘ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்?’ நல்லது செய்தவர்களுக்கும் தெரியவில்லை, செய்யாதவர்களுக்கும் தெரியவில்லை. கணக்கு வைத்துச் செய்த புண்ணியம் எதுவும் அந்தப் பட்டியலில் வருவதில்லை.

கேள்வி நேரத்தில் நான் எழுந்து கேட்டேன். நம்முடைய கோர்ட்டில் யாரும் தன் சொந்த வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்கார முடியாது. கட்சிக்காரர் நீதிபதிக்கு உறவு என்றாலே கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள். இங்கேயோ ‘எனக்குச் செய்தீர்கள், எனக்குச் செய்யவில்லை’ என்று நீதிபதியே பாதிக்கப்பட்டவராகப் பேசுகிறாரே, இது எப்படி நியாயமான விசாரணை ஆகும்?

ஃபாதர் இதை ரசித்தார். கிறிஸ்தவத்தில் தீர்ப்பு வேறு எதையும் போல இல்லாததற்குக் காரணமே அதுதான் என்றார். யோவான் 5இல் தந்தை தாம் யாருக்கும் தீர்ப்பு அளிப்பதில்லை, தீர்ப்பளிக்கும் அதிகாரம் முழுவதையும் மகனிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று வருகிறது. அந்த மகன் யார்? யூதர்களின் தலைமைச் சங்கத்தின் முன்னும் ரோமை ஆளுநர் பிலாத்துவின் முன்னும் கைதியாக நின்றவர். சாட்சிகளின் வாக்குமூலம் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று மாற்கு எழுதுகிறார். இரவில் தெய்வ நிந்தனை என்றிருந்த குற்றச்சாட்டு, விடிந்து பிலாத்துவிடம் போகும்போது கலகம், வரி கொடுக்காதே என்றார், தன்னை அரசன் என்கிறார் என்று மாறிவிடுகிறது. குற்றம் காணவில்லை என்று சொன்ன அதே ஆளுநர் கையைக் கழுவிவிட்டு ஆளை ஒப்படைக்கிறார். “பொய்க் கேஸ்ல தண்டனை வாங்கினவரு கையிலதான் கடைசித் தீர்ப்பு இருக்கு. அதைவிட உங்களுக்கு என்ன உத்தரவாதம் வேணும்?” என்றார். அதோடு, முதல் யோவான் கடிதம் அவரையே நமக்காகத் தந்தையிடம் பரிந்து பேசுபவர் என்றும் சொல்கிறது. நீதிபதி, பாதிக்கப்பட்டவர், வக்கீல் மூவரும் ஒருவரே. இத்தனை வருஷ சர்வீஸில் பழகிய எந்தச் சட்டத்துக்குள்ளும் இது அடங்காது. ஆனால் அடங்காமல் இருப்பதில்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

மதியம் திருச்சபையின் போதனைப் பக்கம் போனார். இறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் எல்லோருக்கும் பொதுத்தீர்வை. தனித்தீர்வை முடிந்த ஆன்மா கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை என்பதை 1336இல் 12ஆம் பெனடிக்ட் பாப்பரசர் அறுதியிட்டுச் சொன்னார். அப்படியானால் இரண்டாவது தீர்ப்பு எதற்கு? 1992இல் வந்த மறைக்கல்வி நூல் இதற்குச் சொல்லும் விடை, ஒவ்வொருவரும் செய்த நன்மையும் செய்யாமல் விட்டதும் கடைசி விளைவுவரை அன்றைக்கு வெளிப்படும் என்பது. மனிதன் சாகிறான், அவன் செய்தது சாவதில்லை. இதை விளக்க ஃபாதர் ஏதோ சரித்திர உதாரணம் சொன்னார், எனக்கு அது தேவைப்படவில்லை. தாத்தா எழுதிய ஒரு கள்ளப் பத்திரத்துக்காகப் பேரன்கள் கோர்ட் வாசலில் நிற்பதை எத்தனை பார்த்திருக்கிறேன்!

இறந்தவர்களின் ஆன்மா விண்ணகம் போகுமுன் தூய்மையாகும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்தை அவர் விளக்கியது சேலத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரிந்தது. செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையில் பழைய வெள்ளியை மூசையில் போட்டு உருக்கும்போது வெண்காரம் தூவுவார்கள், அழுக்கு தனியாகத் திரளும். அந்த நெருப்பு வெள்ளியின்மேல் கோபப்பட்டு மூட்டியதில்லை என்றார். ஒவ்வொருவரின் வேலையையும் நெருப்பு சோதித்துப் பார்க்கும் என்கிற முதல் கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தோடு இதைச் சேர்த்தார். இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை. என் மனைவியின் தங்கை வீட்டார் சிஎஸ்ஐ, அவர்களும் வந்திருந்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் புரட்டஸ்தாந்து சபைகள் ஏற்பதில்லை என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லி, ஏன் என்று இரண்டு நிமிடம் பேசியிருக்கலாம். எல்லோரும் வரலாம் என்று அறிவித்த பிறகு அந்த மரியாதை வேண்டும்.

இனி, என்னால் மறக்க முடியாத ஒரு கேள்வி. மாலை அமர்வில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். மலைமேலேயே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், அரக்குக் கலர் ஸ்வெட்டர், தலையில் துண்டு. மகன் வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டான் என்றும், காரணமானவர்கள்மேல் கேஸ் நிற்கவில்லை என்றும் முதல் நாளே என் மனைவியிடம் சொல்லியிருந்தார். மைக்கை வாங்காமலே கேட்டார்: “சாமி, எம்பையன் சாவுக்குக் காரணமானவன், சாகற நேரத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா கடவுள் மன்னிச்சிடுவாருங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?”

ஃபாதர் அவசரப்படவில்லை. பையன் பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டார். அப்புறம்தான் பதில் சொன்னார். காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் மனத்தாங்கல் உள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போய் நல்லுறவு ஏற்படுத்த வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதைச் சொன்னார். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக, வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு எழுந்து நின்று சொன்ன பிறகுதான் ‘இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று’ என்ற வார்த்தை வருகிறது என்றார். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் அந்தப் பாவம் உண்டாக்கிய சேதத்தை அது சரிசெய்துவிடாது, செய்தவன்தான் முடிந்தவரை ஈடுகட்ட வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. இங்கே கட்டாததை அங்கேயாவது எதிர்கொண்டே ஆக வேண்டும்.

அதோடு 16ஆம் பெனடிக்ட் பாப்பரசர் 2007இல் எழுதிய ‘ஸ்பே சால்வி’ சுற்றுமடலிலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார். விண்ணக விருந்தில், கொடுமை செய்தவர்கள் எதுவுமே நடக்காததுபோலத் தாங்கள் வதைத்தவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட முடியாது. அருள் என்பது நீதியை அழித்துவிடுவதில்லை. “உங்க பையனைத் தாண்டிப் போற வழி அங்க கிடையாதும்மா. அந்த ஆள் உள்ள வரணும்னா அவன் முகத்தைப் பாத்துத்தான் வரணும்” என்றார். அந்த அம்மா, “சரிங்க சாமி” என்று உட்கார்ந்தார். ‘நீங்கள் முதலில் மன்னித்துவிடுங்கள்’ என்று அவரிடம் ஃபாதர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்த ஒரு போதகரை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நரகத்துக்கு ஒதுக்கியது ஞாயிறு காலையில் அரை மணி நேரம். கடவுளிடமிருந்து தன்னைத்தானே முடிவாக விலக்கிக்கொள்ளும் நிலை அது என்றும், திருச்சபை இத்தனை பேரைப் புனிதர் என்று அறிவித்திருந்தும் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை என்றும் சொன்னார். இரண்டும் முக்கியமான விஷயங்கள். ஆனால் ‘என்றென்றும்’ என்பதை எப்படி ஏற்பது, ஒருவர் முடிவில்லாமல் விலகியே இருக்க அன்பான கடவுள் எப்படிச் சம்மதிப்பார் என்று பலருக்குள் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பை நம்பிக்கையாகப் பார்க்கச் சொல்வது சரி, அச்சத்துக்கும் அதில் இடம் உண்டு. நானும் சில கேஸ்களில் பிரதிவாதிதானே! அந்தப் பக்கத்தை இன்னும் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும்.

சனி இரவு ஒரு வெளியூர்ப் பேச்சாளர் நடத்திய அமர்வு எனக்குப் பிடிக்கவில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்தில் மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தைத் திரையில் போட்டார், நல்ல யோசனை. ஆனால் கீழ் மூலையில் நரகத்துக்கு இழுக்கப்படுகிறவர்களை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டி, விளக்கை அணைத்துக் குரலை உயர்த்தினார். அதே ஓவியத்தில் கல்லறையிலிருந்து எழுகிறவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஜெபமாலையையே கயிறாக்கி இரண்டு பேரை மேலே இழுக்கிறார். அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. இரண்டு நாள் ஃபாதர் பொறுமையாகக் கட்டியதை ஒரு மணி நேரத்தில் கலைத்ததுபோல ஆயிற்று.

மற்றவை சின்னக் குறைகள். கொடுத்த ஜெராக்ஸ் தாள்களில் பாதி மங்கல், வயதானவர்களால் படிக்க முடியாது. ஒலிபெருக்கி எதிரொலிக்கிறது, நடுவரிசையில் உட்காருங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டே குருக்கள். வரிசை வராந்தாவைத் தாண்டிப் போய்விட்டது. சாப்பாட்டு அறைக்கு இறங்கும் படிகளில் கைப்பிடி இல்லை, மழையில் வழுக்கும். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தள அறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், குடை, டார்ச் கட்டாயம்.

சமீபத்தில் வீட்டில் சாவு நடந்தவர்கள், கோர்ட், போலீஸ் என்று அலைந்து கை ஓய்ந்தவர்கள் தயங்காமல் போகலாம். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம், அவர்களுக்கென்று எதுவும் ஏற்பாடு இல்லை. பதிவுக்கு உங்கள் பங்கு அலுவலகத்தில் சொன்னால் போதும்.

கிளம்பும்போது சிஸ்டர் ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார். நரகத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும், வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம், படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தவக்காலத்தில் இதே ஃபாதர் மறுபடியும் வருகிறாராம். எங்கள் இரண்டு பேர் பெயரையும் அப்போதே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.